கியோலுர் வழியே ஆறு நாள் குதிரைப் பயணம்: எட்டு மாதப் பயிற்சி போதுமா?

செங்காந்தள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஐஸ்லாந்தின் நடுமேட்டு நிலத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் கியோலுர் என்னும் பழைய வழியில், ஆறு நாள் குதிரைமேல் செல்லும் ஒரு பயணத்தில் வரும் ஜூலை மாதம் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முன்பணம் கட்டுவதற்கு முன், சென்று வந்தவர்களிடமும் குதிரைகளை அறிந்தவர்களிடமும் கேட்டுத் தெளிவது நல்லது என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

என் நிலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வயது 46, எடை 71 கிலோ. கோவைக்கு வெளியே உள்ள ஒரு குதிரையேற்றப் பயிற்சி நிலையத்தில் எட்டு மாதமாக வாரம் இரண்டு நாள் பயில்கிறேன். வேலியிட்ட களத்துக்குள் நடை, டிராட் என்னும் துள்ளோட்டம், கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல் மூன்றிலும் குதிரையை ஓரளவு என் சொல்லுக்குக் கொண்டுவர முடிகிறது. வெளியே ஒரே ஒரு முறை, ஒரு தென்னந்தோப்பின் வண்டிப்பாதையில் சென்றபோது, மயில் ஒன்று குறுக்கே பறந்ததால் குதிரை மிரண்டு, நூறு மீட்டர் தூரம் தன் விருப்பப்படி ஓடியது. நான் விழவில்லை, ஆனால் அதை நிறுத்திய பெருமை எனக்குரியதன்று, எதிரே இருந்த வாய்க்காலுக்குரியது.

பயணக் குறிப்பில் ‘நாளொன்றுக்கு 30 முதல் 45 கிலோமீட்டர்’, ‘உதிரிக் குதிரை மந்தையுடன்’, ‘திறந்த வெளியில் எல்லா வேகத்திலும் நிலையாக அமரக்கூடியவர்களுக்கு’ என்று எழுதியிருக்கிறார்கள். இவை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை அறிய விரும்புகிறேன். இன்னொரு தயக்கமும் உண்டு. படங்களில் பார்த்தால் அக்குதிரைகள் நம் மட்டக்குதிரைகளைவிடச் சற்றே பெரியவையாகத் தெரிகின்றன. அவற்றின் முதுகில் வளர்ந்தவர்கள் ஏறிக்கொண்டு இத்தனை தூரம் போவது முறைதானா? நான் சைவ உணவு மட்டுமே உண்பவள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடகாற்று எழுதியது:

நான் ஜெர்மனியில் வசிக்கிறேன்; இரண்டு கோடைகளுக்கு முன் இதே வழியில் சென்று வந்தேன். நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் ‘உதிரிக் குதிரை மந்தை’ என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டும் தாமாகவே விளங்கிவிடும் என்பதால், அதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் குழுவில் ஏறிச் செல்பவர்கள் பதினான்கு பேர். குதிரைகளோ ஐம்பதுக்கும் மேல். ஆள் ஏறாத குதிரைகள் சேணமும் கடிவாளமும் இல்லாமல், கயிற்றால் பிணைக்கப்படாமல், மந்தையாக எங்களோடு ஓடி வரும். வழிகாட்டிகளில் இருவர் முன்னே செல்ல, அவர்களுக்குப் பின் மந்தை, மந்தைக்குப் பின் நாங்கள் என்பது பொதுவான ஒழுங்கு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, எல்லோரும் வட்டமாக ஒரு நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்த இடுப்பளவுக் கயிறே தொழுவமாகிவிடும். வழிகாட்டிகள் உள்ளே நுழைந்து அடுத்த கட்டத்துக்கான குதிரைகளைப் பிடித்துத் தர, நாம் சேணத்தைக் கழற்றி அடுத்த குதிரைக்குப் பூட்டுகிறோம். ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று குதிரைகள் மாறும். 40 கிலோமீட்டர் என்பது உங்கள் முதுகெலும்புக்கு முழுத் தொகைதான். ஆனால் ஒரு குதிரை உங்களைச் சுமப்பது அதில் பதினைந்துக்கு மேல் இராது. மீதித் தூரத்தை அது வெறும் முதுகோடு, வேண்டிய கூட்டாளியின் பக்கத்தில் ஓடிக் கழிக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேகத்தை முடிவு செய்வது நீங்கள் அல்லர்; மந்தைதான் முடிவு செய்கிறது. காலையில் தொழுவம் திறந்ததும் ஐம்பது குதிரைகளும் ஒன்றாகக் கிளம்பும்போது, உங்களைச் சுமக்கும் குதிரை மட்டும் நின்று நிதானமாக வருவேன் என்று சொல்லாது. முதல் கால் மணி நேரம் என் வாழ்க்கையிலேயே மிக நீளமானது. அதன் பிறகு மந்தை தானே ஒரு சீரான வேகத்துக்கு வந்துவிடுகிறது, பிறகு கைகளின் இறுக்கமும் தளர்கிறது. ஆகவே களத்துக்குள் அழகாக வட்டமடிக்கத் தெரிவதைவிட, குதிரை நீங்கள் நினைத்ததைவிட விரைவாகச் செல்லும்போது கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல், அங்கவடியில் எடையைக் கொடுத்து, மூச்சு விட்டுக்கொண்டு உட்காரத் தெரிவதுதான் அங்கே பயன்படும். வாய்க்கால் உங்களுக்கு உதவிய அந்த நூறு மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாய்க்கால் கிடையாது.

வழியைப் பற்றிச் சில சொற்கள். மேற்கே லாங்யோகுட்ல், கிழக்கே ஹோஃப்ஸ்யோகுட்ல் என்னும் இரண்டு பெரும் பனிக்கவிகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கியோலுர். தெற்கே குல்ஃபாஸ் அருவிக்கு அருகில் பண்ணை வேலிகள் முடிந்ததிலிருந்து, வடக்கே மீண்டும் வேலிகள் தொடங்கும் வரை ஊர் என்று ஒன்று கிடையாது. இப்போது 35ஆம் எண் சாலை அதன் வழியே செல்கிறது. எங்கள் உணவும் மூட்டைகளும் ஒரு வண்டியில் அச்சாலை வழியே குடிலிலிருந்து குடிலுக்குச் சென்றன. குதிரைகள் பெரும்பாலும் சாலையை விட்டு விலகிப் பழைய தடத்தில் செல்கின்றன. பல நூற்றாண்டுகளாகக் குதிரைகள் நடந்து நடந்து, ஒன்றுக்கொன்று இணையாக ஏழெட்டுப் பள்ளக் கோடுகளாகத் தேய்ந்துபோன தடம் அது. ஒவ்வொரு குதிரையும் தனக்கென ஒரு கோட்டைத் தேர்ந்துகொள்ளும். க்வீட்டார்னெஸ் என்னும் இடத்தில் 1930இல் கட்டப்பட்ட மலையேறிகளின் பழைய குடில் ஒன்று உள்ளது. அதன் முன்னால் ஏரி, ஏரிக்கு அப்பால் பனிப்பாளம் இறங்கும் மலை. அந்த இடத்தில் நான் பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்ததற்குத் தொடை வலியும் ஒரு காரணம்.

வடக்கே போகும்போது பெய்னாஹோட்ல் என்னும் குன்றை வழிகாட்டிகள் காட்டுவார்கள். ‘எலும்புக் குன்று’ என்று பொருள். 1780ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், வடக்கே நோயால் மந்தைகள் அழிந்திருந்ததால், ரெய்னிஸ்தாதுர் பண்ணையைச் சேர்ந்த சகோதரர் இருவரும் அவர்களுடைய துணையாட்களும் தெற்கே சென்று செம்மறிகளை வாங்கிக்கொண்டு, பருவம் தாழ்ந்து இவ்வழியே திரும்பியபோது பனிப்புயலில் சிக்கினார்கள். ஐந்து பேரும் மாண்டார்கள். ஆடுகளும் குதிரைகளும் அங்கேயே மடிந்தன. அதன் பின் நெடுங்காலம் இவ்வழியில் போக மக்கள் அஞ்சினார்கள். அதற்கு அடுத்த தங்கலான க்வேராவெட்லிர் வெந்நீர் ஊற்றுகளின் இடம். 18ஆம் நூற்றாண்டில் சட்டத்துக்குத் தப்பி வாழ்ந்த ஏய்விந்துரும் அவர் மனைவி ஹட்லாவும் அங்கே தங்கி, கொதிக்கும் ஊற்றில் இறைச்சியை வேகவைத்து உண்டார்கள் என்பது அந்நாட்டு மரபு. நாங்கள் அதே இடத்துக் குளத்து வெந்நீரில் கழுத்தளவு இறங்கிக் கிடந்தோம். நான்காம் நாள் மாலையில் அதற்கு ஈடான மருந்து வேறில்லை.

சைவ உணவைப் பற்றி: முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட்டால் ரொட்டி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, ஸ்கீர் எனப்படும் கெட்டியான தயிர் போன்ற பாற்பொருள், காய்கறி சூப் ஆகியவை கிடைக்கும். மற்றவர்கள் ஆட்டிறைச்சி சூப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நான்காம் முறையாக உருளைக்கிழங்கைப் பார்ப்பீர்கள். ஊறுகாய்ப் புட்டி ஒன்று கொண்டு செல்லுங்கள்.

குளம்படி எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். சில ஆண்டுகள் வடக்கு ஐரோப்பாவில் குதிரைப் பண்ணைகளில் பணிபுரிந்தவன். அம்மையார் கேட்ட ‘முறைதானா’ என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்; கூடவே யாரும் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன்.

அவற்றை மட்டக்குதிரை என்று அந்நாட்டார் முன்னிலையில் சொல்லிவிடாதீர்கள், உண்மையிலேயே வருந்துவார்கள். தோள் உயரம் பெரும்பாலும் 130 முதல் 145 சென்டிமீட்டர் வரையில்தான் என்றாலும், எலும்பும் தசையும் உயரத்துக்கு மீறிய வலிமை கொண்டவை. எடை சுமார் 330 முதல் 380 கிலோ. 71 கிலோ எடையுள்ள நீங்களும் சேணமும் சேர்ந்தால் குதிரையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரும். சுமை கூடக் கூட இதயத் துடிப்பு உயர்வதும் அடிகள் குறுகுவதும் ஐஸ்லாந்துக் குதிரைகளிடமே அளந்து பார்க்கப்பட்டவை. ஆகையால் சுமைக்கு எல்லை உண்டு, அதை நல்ல அமைப்பாளர்கள் எழுத்தில் தெரிவிக்கிறார்கள். நீங்கள் அந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள். நண்பர் வடகாற்று சொன்ன குதிரை மாற்றம்தான் இதில் உயிர்நாடி. மந்தை இல்லாமல், ஒரே குதிரையில் ஆறு நாளும் இதே தூரம் செல்ல வைக்கும் பயணத்தை யாராவது மலிவாகத் தந்தால், அதை மறுத்துவிடுங்கள்.

அக்குதிரைகளுக்கு நடை, டிராட், கேன்டர் தவிர டோல்ட் என்னும் நான்காவது நடையும், சிலவற்றுக்கு ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து இயங்கும் ஸ்கேய்த் என்னும் விரைவான ஐந்தாவது நடையும் உண்டு. டோல்ட்டில் கால்கள் சாதாரண நடையின் வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் படும். எந்த நொடியிலும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஆகவே நான்கு கால்களும் மேலெழும் நொடியே வராததால் உங்களைத் தூக்கிப் போடாது. டிராட்டில் எழுந்து எழுந்து அமரப் பழகிய நம்மவர்கள், பழக்கத்தால் இதிலும் எழ முயன்று தாளம் தவறுவார்கள். இடுப்பைத் தளர்த்திச் சற்றே பின்னால் சாய்ந்து அமர்ந்திருப்பதே இதற்கு உரிய முறை. இந்நடை பயிற்சியால் மட்டும் வருவதன்று. டிஎம்ஆர்டி3 என்னும் மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தோடு இது தொடர்புடையது என்று 2012இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

இனிச் சொல்லாமல் விட்டது. ஐஸ்லாந்துக்கு வெளியிலிருந்து குதிரைகளைக் கொண்டுவருவதற்குத் தடை உள்ளது. அங்கிருந்து வெளியே சென்ற குதிரை, உலகப் போட்டியில் வென்ற குதிரையாயினும், திரும்பி வர முடியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒதுங்கியே வாழ்ந்ததால் பல தொற்று நோய்களை அந்தக் குதிரைகள் கண்டதே இல்லை, எதிர்ப்பாற்றலும் இல்லை. 2010இல் ஒரு மூச்சுத்தொற்று நாடு முழுதும் பரவியபோது, அவ்வாண்டு நடக்கவிருந்த தேசியக் குதிரை விழாவையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆகவே நீங்கள் கோவையில் பயன்படுத்திய சேணம், கடிவாளம், சாட்டை, தோல் கையுறை எதையும் எடுத்துச் செல்லக் கூடாது; அது சட்டம். பயன்படுத்திய உடைகளைச் சோப்பிட்டு இயந்திரத்தில் வெந்நீரில் துவைத்து முழுவதும் உலர்த்த வேண்டும். காலணிகளைக் கழுவி, உலர்த்தி, கிருமிநாசினி தெளிக்க வேண்டும். இதைப் பயணத்துக்குச் சில நாள் முன்பே முடித்துவிடுங்கள். விமான நிலையத்தில் யாரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பயணி என்னிடம் சொன்னார். முகர்ந்து பார்க்காததால்தான் நாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன்.

மெல்லநட எழுதியது:

எல்லோரும் வாழ்த்தி அனுப்பத் தயாராகிவிட்டதுபோல் தெரிகிறது. நான் மாறுபடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் என் அண்ணனும் இப்படி ஒரு மேட்டுநிலப் பயணத்துக்குச் சென்றோம். பதிவுப் படிவத்தில் ‘அனுபவம் உள்ளவர்’ என்ற கட்டத்தில் குறியிட்டோம். எங்கள் இருவருக்கும் சேர்த்து அனுபவம் ஓர் ஆண்டு. அமைப்பாளரும் மறுகேள்வி கேட்கவில்லை. இரண்டாம் நாள், மழையும் எதிர்க்காற்றுமாக இருந்த ஒரு பிற்பகலில், மந்தையிலிருந்து பிரிந்த நான்கு குதிரைகளைத் திருப்ப வழிகாட்டி பாய்ந்து சென்றபோது அண்ணனின் குதிரையும் கூடவே பாய்ந்தது. அவர் எரிமலைக் கற்களின் மேல் விழுந்தார். தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பியது. காறை எலும்பு முறிந்தது. நாட்டின் மீட்புப் பணிகளில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் தொண்டர்கள்தாம் என்பதை அன்றுதான் அறிந்தோம். அவர்கள் வந்து சேரும் வரை, ஈரக் கம்பளிக்குள் சுருண்டு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. இதில் குதிரையின் பிழை எதுவும் இல்லை. கட்டத்தில் குறியிட்ட கை எங்களுடையது.

ஆகவே அம்மையாருக்கு என் யோசனை, முதல் முறை நாட்டைக் கடக்கும் பயணம் வேண்டாம் என்பதே. வடக்கே ஸ்காகஃபியோர்துர் பள்ளத்தாக்கு முழுவதும் குதிரைப் பண்ணைகளாகவே இருக்கிறது. ஒரே பண்ணையில் தங்கி, நாள்தோறும் வெவ்வேறு திசையில் சென்று மாலையில் திரும்பும் பயணங்கள் அங்கே உண்டு. உடல் ஒத்துழைக்காத நாளில் பண்ணையிலேயே இருந்துவிடலாம். மேட்டுநிலத்தின் நடுவில் மூன்றாம் நாள் காலை ‘இன்று முடியவில்லை’ என்றால், மூட்டை வண்டியின் முன்னிருக்கைதான் உங்கள் விடுமுறை.

செங்காந்தள் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மெல்லநட அவர்களின் அண்ணன் இப்போது நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். அவர் எழுதியதைப் படித்தபின் என் பதிவுப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். நானும் அதே கட்டத்தில்தான் குறியிட்டு வைத்திருந்தேன். அழித்துவிட்டேன்.

ஆயினும் ஆசை விடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மந்தையோடு செல்வதும் வேண்டும். முதல் நாளே திறந்த மேட்டுநிலத்தில் இறங்கவும் வேண்டாம். இதற்கு இடைப்பட்ட வழி உண்டா? ஜூலைக்குப் பதில் செப்டம்பரில் சென்று, ஆடுகளை மலையிலிருந்து இறக்கும் பருவத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்றும் ஓரிடத்தில் படித்தேன்.

வடகாற்று எழுதியது:

மெல்லநட சொன்னதை நான் மறுக்கவில்லை. முதல் பதிலில் வழியின் அழகைச் சற்று அதிகமாகவே எழுதிவிட்டேன் என்று இப்போது படிக்கும்போது தெரிகிறது. என் குழுவிலும் இருவர் மூன்றாம் நாள் முதல் வண்டியில்தான் வந்தார்கள்.

செப்டம்பர் மந்தை இறக்கத்தை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். கோடை முழுவதும் மேட்டுநிலத்தில் சுதந்திரமாக மேய்ந்த செம்மறிகளை விவசாயிகள் குதிரைமேல் சென்று திரட்டி, வட்டமான பிரிப்புத் தொழுவத்துக்குக் கொண்டுவந்து, காதடையாளம் பார்த்து அவரவர் ஆடுகளைப் பிரித்துக்கொள்ளும் அந்த நாள்கள் காண்பதற்கு அரியவை. ஆனால் அது அவர்களுடைய வேலை. ஆடு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் சதுப்பிலும் சரிவிலும் குதிரையைச் செலுத்த வேண்டும். பகலும் குறைந்திருக்கும், பனியும் விழலாம். பிரிக்கும் நாளில் தொழுவத்தின் சுவரருகே நின்று பார்ப்பதற்கு மட்டும் யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

ஸ்ப்ரெங்கிசாந்துர் என்று கிழக்கே இன்னொரு கடப்பு வழி உள்ளது. அதன் பெயர் உங்கள் கண்ணில் பட்டால் தாண்டிச் சென்றுவிடுங்கள். கியோலுரைவிட வறண்டது, புல் அரிது, பாலமில்லாத ஆறுகள் உள்ளது.

நீங்கள் கேட்ட இடைவழி உண்டு. தாழ்நிலத்தில், பண்ணைகளுக்கு இடையே மூன்று நான்கு நாள் மந்தையோடு செல்லும் பயணங்களைச் சில அமைப்பாளர்கள் நடத்துகிறார்கள். ஒரு நாள் 20, 25 கிலோமீட்டர். பெரும்பாலும் வேலியிட்ட குதிரைத்தடங்கள். மந்தையின் ஓட்டம் இரு பக்கமும் கட்டுப்பட்டிருக்கும். அதை இந்த ஜூலையில் செய்துவிட்டு, கியோலுரை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். இடையில் கோவையில் களத்தைவிட்டு வெளியே செல்லும் வகுப்புகளைக் கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் சேணத்தில் அமர்ந்து பாருங்கள். வாரம் இரு மணி நேரப் பயிற்சி உங்கள் முழங்காலைப் பற்றி எதையும் சொல்லாது. அமைப்பாளருக்கு எழுதும்போது ‘அனுபவம் உள்ளவர்’, ‘நடுத்தரம்’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, இங்கே எழுதிய முதல் பதிவையே மயிலும் வாய்க்காலும் உட்பட அனுப்புங்கள். அதைப் படித்த பிறகும் உங்களைக் கியோலுருக்கு வரச்சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

மழையாடை அவர்களே தருவார்கள். உள்ளே பருத்தி வேண்டாம், கம்பளி அணியுங்கள்; ஜூலையிலும் மேட்டுநிலத்தில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கி, மழை கிடைமட்டமாக வீசும். ஷெங்கன் விசாவுக்குக் காட்டும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டில் குதிரையேற்றம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். என்னுடையதில் விலக்கப்பட்டிருந்தது, தனியாகக் கூடுதல் தொகை கட்டிச் சேர்த்தேன்.

செங்காந்தள் எழுதியது:

தாழ்நிலத்து நான்கு நாள் பயணத்துக்கு இன்று எழுதிக் கேட்டேன், மயிலையும் சேர்த்துத்தான். ‘எங்கள் ஊரில் மயில் இல்லை, ஆனால் வாத்துகள் உண்டு, வாருங்கள்’ என்று பதில் வந்திருக்கிறது. குளம்படி ஐயாவிடம் ஒரே ஒரு ஐயம்: கையுறை தோலாக இல்லாமல் துணியாக இருந்தால் துவைத்து எடுத்துச் செல்லலாமா?

குளம்படி எழுதியது:

வேண்டாம், அம்மா. கையுறை கடிவாளத்தையும் குதிரையின் வாயையும் தொட்டது. அதைக் கோவையிலேயே விட்டுவிட்டு, விலைச்சீட்டு கிழியாத புதிய இணை ஒன்றைக் கொண்டு செல்லுங்கள்; மழையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது.